பேரன் வைத்த மூக்குத்தி

32 வருஷ காலம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரசாயன பாடம் நடத்தி, உப்புக் கரைத்த நீருக்குள் இரண்டு கம்பிகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினால் எந்த முனையில் என்ன பதார்த்தம் உண்டாகும் என்பதை வருஷந்தோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கி, அதை முனை மாற்றி எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்ணை இரக்கமில்லாமல் குறைத்து, கடைசியில் மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றுக்கொண்ட ஒரு மனிதன், அந்த வினையே தன் சொந்தப் பேரனுடைய மூக்கினுள் 42 மணி நேரம் இடைவிடாமல் நடந்துகொண்டிருந்தபோது அதை உணராமல், குழந்தைக்கு ஓமப் பொட்டணத்தை முகரக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அந்த மனிதனுடைய படிப்பைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே அபிப்பிராயம் சொல்லியிருப்பேன். அந்த மனிதன் நான்தான்.

கும்பகோணத்தில் மாசிமகம் என்றால் குளக்கரையிலிருந்து கடைத்தெரு வரை சாமான் பரப்பாத இடமே இராது. அங்கே 20 ரூபாய்க்கு ஒரு மோதிரம் விற்றார்கள். பிளாஸ்டிக்கால் ஆனது, மேலே ஒரு பூ, பூவின் அடியில் அழுத்தினால் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும் ஒரு சிறு விளக்கு. மூன்று வயது நிரம்பிய என் பேரன் அதன் முன்னால் நின்றுவிட்டான். குழந்தை ஆசைப்பட்ட பொருளை மறுப்பதற்கு வேண்டிய மனத்திண்மை தகப்பனுக்கு இருக்கக்கூடும், தாத்தாவுக்கு இராது. வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளில் விளக்கு மங்கி அணைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி சுமாருக்கு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, நகத்தாலேயே அதன் அடிமூடியைக் கழற்றினேன். திருகாணி கிடையாது; நகம் பட்டதும் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து, துவரம்பருப்பைக் காட்டிலும் சற்றுப் பெரிதாக, வெள்ளியைப்போல் பளபளக்கும் மூன்று வில்லைகள் மடியில் உதிர்ந்தன. அவற்றை எடுத்துப் பக்கத்திலிருந்த செய்தித்தாளின்மேல் வைத்தேன். அச்சமயம் தொலைபேசி மணி அடித்தது. பேசிவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு இருந்தன.

மூன்று எடுத்தேன், இரண்டு இருந்தன என்ற இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. ஆயினும், கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கும் என்று பாதி மனத்தோடு குனிந்து பார்த்துவிட்டு, செத்துப்போன செல்தானே, கிடந்தால் காலையில் பெருக்கும்போது கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மற்ற இரண்டையும் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துபோனேன். இந்த 'செத்துப்போன' என்ற ஒரு சொல்தான் எங்கள் வீட்டில் நேர்ந்த அனர்த்தத்திற்கெல்லாம் மூலம் என்பதைப் பின்னால் அறிந்தேன்.

மறுநாள் காலை குழந்தையின் மூக்கு ஒழுகியது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது வழக்கு. என் மனைவியும், "விடியறதுக்கு முன்னாடியே வாசல்லே போய் நிக்கறான், சளி பிடிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லி ஓமத்தை வறுத்து வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தாள். சாயங்காலம் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "வேறே ஏதாவது உண்டா?" என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று பதில் சொன்னவன் நான், ஆகையால் அது சாதாரண ஜலதோஷம் என்று அவர் சொன்னதைக் குறித்து அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. வீட்டில் ஏற்கெனவே மூக்கடைப்புக்காக வாங்கி வைத்திருந்த உப்பு நீர்ச் சொட்டு மருந்து ஒரு குப்பியில் பாக்கி இருந்தது. என் மகள் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள, என் கையாலேயே அன்றிரவு இரண்டு தடவை வலது மூக்கில் விட்டேன். குழந்தை வீறிட்டு அலறினான். மருந்துக்குப் பயந்து அழுகிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூக்கிலிருந்து வடிந்தது சளியின் நிறத்தில் இல்லை. காப்பிக் கஷாயத்தை நீர் கலந்து ஊற்றினாற்போன்ற பழுப்பு. அதில் ஓர் இழை ரத்தம். கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்யும் துர்நாற்றம். மூக்கின் வலது புறம் லேசாக வீங்கியிருந்தது, தொட விடவில்லை. "அப்பா, இவன் மூச்சு விடறதே ஒரு மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். சளி முற்றிவிட்டது, இன்னும் கொஞ்சம் வீரியமான சொட்டு மருந்து வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்துக் கடைக்குப் போனேன்.

அந்தக் கடையை நடத்துகிறவர் என்னிடம் படித்தவர். ரசாயனத்தில் சுமாரான மாணவர் என்றே எனக்கு ஞாபகம். நான் கேட்ட மருந்தை எடுக்கப் போனவர், பாதியில் நின்று திரும்பி, "சார், ரெண்டு மூக்கும் ஒழுகுதா, ஒண்ணு மட்டுமா?" என்று கேட்டார்.

"வலது பக்கம் மட்டும்."

"நாத்தம் அடிக்குதா?"

அடிக்கிறது என்றேன். அவர் மருந்துக் குப்பியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டார். "சளிக்கு ஓரவஞ்சனை தெரியாது சார். ஒரு பக்கம் மட்டும் ஒழுகி, அதுவும் நாறினா, உள்ளே ஏதோ இருக்கு. சொட்டு மருந்து தரமாட்டேன். இப்பவே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டே போங்க."

பெரிய பெரிய வைத்திய நூல்களில் இருக்கும் விஷயம்தான் இது. ஆனால் கடைப் பலகைக்கு அந்தப் புறம் நின்றுகொண்டு, விற்கக்கூடிய ஒரு மருந்தை விற்காமல் வைத்துவிட்டுச் சொன்னாரே, அந்த மாணவருக்கு நான் அந்தக் காலத்தில் போட்ட மதிப்பெண்களை இப்போது திருத்த முடியாது என்பதில் எனக்கு வருத்தமுண்டு. இதைப் படிக்கும் தாய்மார்கள் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மறக்கலாகாது. சிறு குழந்தைக்கு ஒரே மூக்கு மட்டும் ஒழுகினால், அதிலும் துர்நாற்றமோ ரத்தமோ கருமையோ இருந்தால், உள்ளே ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இல்லையென்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் சளி என்று நம்ப வேண்டும்.

கடைப்படியை விட்டு இறங்கும்போதே அந்த மூன்றாவது வில்லை என் நினைவுக்கு வந்துவிட்டது.

ஊரிலிருந்த காது மூக்கு தொண்டை வைத்தியர் விளக்கடித்துப் பார்த்தார். வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே எக்ஸ்ரே எடுக்கச் செய்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும், மூக்கின் வலது பாதையில் ஒரு வெள்ளை வட்டம், அதனுள் ஓரத்தை ஒட்டினாற்போல் இன்னொரு வட்டம். நாணயம் என்றால் ஒரே சீரான வட்டமாக இருக்கும். இப்படி இரட்டை விளிம்பு தெரிந்தால் அது செல்தான் என்று சொல்லி, சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் வசதி தஞ்சாவூரில்தான் உண்டு, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் போங்கள், நான் போனில் பேசி வைக்கிறேன் என்றார்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். காரில் போகும்போது என் மனம் ஓர் ஆறுதலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நான் சிறுவனாக இருந்தபோது என் தம்பி ஒரு புளியங்கொட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு, மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்தான். மூன்றாம் நாள் எங்கள் பாட்டி கண்டுபிடித்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைக் காட்டி, அவன் போட்ட தும்மலில் கொட்டை பறந்து போய்ச் சுவரில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் தாசில்தாராகி ஓய்வு பெற்றான்; மூக்கிற்கு ஒரு குறைவும் இல்லை. குன்றிமணி, பாசிமணி, பட்டாணிக் கடலை, சிலேட்டுக் குச்சி என்று குழந்தைகள் மூக்கில் போட்டுக்கொண்ட பொருள்களின் கதை இல்லாத குடும்பமே நம் நாட்டில் இல்லை. மூன்று நாள் இருந்த புளியங்கொட்டையே ஒன்றும் செய்யவில்லை, இதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லையே என்று நான் என் மகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு போனேன்.

தஞ்சையில் அந்தத் தைரியம் நீடிக்கவில்லை. அங்கே காத்திருந்த வைத்தியர் என் மகள் வயதுள்ள பெண்மணி. எத்தனை மணிக்குப் போயிருக்கும், என்ன மாதிரி செல், கடைசியாக எப்போது சாப்பிட்டான், மூக்கில் ஏதாவது மருந்து விட்டீர்களா என்று நான்கே கேள்விகள் கேட்டார். உப்பு நீர் விட்டோம் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு க்ஷணம் தோன்றி மறைந்த மாறுதலை, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் என்ற முறையில் நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். மிகவும் தப்பான விடை எழுதியிருக்கிறோம் என்று தெரிந்தது.

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழல் கருவியைச் செலுத்தி, கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டார். எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளியாக இருந்த வில்லை செவ்வாய்க்கிழமை கரியாக இருந்தது. அது பட்டிருந்த இடத்துச் சதையும் அவ்வண்ணமே கறுத்துப்போயிருந்தது என்றும், அதன் எதிர்முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து இருந்தது துரதிர்ஷ்டம் என்றும் சொன்னார். பிறகு, அமைதியாகவே, "சார், அது ஒழுகி ஏற்பட்ட புண் மட்டும் இல்லை. ஈரத்திலே கரண்ட் ஓடி, அந்த இடத்திலேயே காரம் உண்டாகியிருக்கு. நீங்க விட்ட உப்புத் தண்ணி அதுக்கு உதவி பண்ணியிருக்கு" என்றார். 32 வருஷ காலம் நான் நடத்திய பாடத்தை, மூன்றே வாக்கியங்களில், ஆஸ்பத்திரி நடையில் நிற்கவைத்து எனக்கு நடத்தி முடித்தார்.

அந்தப் பாடத்தை இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், விஷயம் புரிந்தால் ஜாக்கிரதை தானே வரும், புரியாமல் மனப்பாடம் செய்த ஜாக்கிரதை பத்து நாளில் மறந்துபோகும். செல் என்பது ஒரு முகம் நேர்முனையும் மறுமுகம் எதிர்முனையுமாக அமைந்த சிறு டப்பி. அதை வறண்ட மேஜைமேல் வைத்தால் ஒன்றும் நடவாது. மூக்கினுள்ளோ எந்நேரமும் ஈரம். அந்த ஈரத்தில் உப்பு உண்டு. பாதையோ குறுகியது, ஆகையால் வில்லையின் இரு முகங்களையும் சதை இறுகத் தழுவிக்கொள்கிறது. கம்பி போட்டு இணைத்ததற்கு அது சமானம். மின்சாரம் ஓடத் தொடங்கி, எதிர்முனை பட்ட இடத்தில் நீர் பிரிந்து க்ஷாரம் உண்டாகிறது. சவுக்காரத்தைக் காட்டிலும் பல மடங்கு உக்கிரமான க்ஷாரம். அமிலம் சுட்டால், சுட்ட இடம் உறைந்து ஒரு பொருக்காகி, மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். க்ஷாரத்திற்கு அந்தத் தடையும் இல்லை. அது சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே செல்லும். மூக்கின் நடுச்சுவர் குருத்தெலும்பால் ஆனது. அதற்குத் தனக்கென்று ரத்த ஓட்டம் கிடையாது. இரு புறமும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அது ஜீவிக்கிறது. சவ்வு வெந்துபோனால் குருத்தெலும்பு பட்டினியால் மடிந்து துளையாகிவிடுகிறது. இதற்கு நாட்கணக்குத் தேவையில்லை. சில மணி நேரமே போதும். நடுச்சுவரின் ஆதாரம் அதிகமாகப் போய்விட்டால், வளர வளர மூக்குத் தண்டு நடுவே பள்ளமாகிக் குதிரைச் சேணம்போல் அமுங்கிவிடுவதும் உண்டு.

வீட்டுக்குத் திரும்பிய மறு வாரம், இழுப்பறையில் கிடந்த மற்ற இரண்டு வில்லைகளையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றின் மேல் எல்ஆர் 41 என்று பொறித்திருந்தது, விட்டம் 7.9 மில்லிமீட்டர், கனம் 3.6 மில்லிமீட்டர், மூன்று வயதுக் குழந்தையின் மூக்கிற்கு அளவெடுத்துச் செய்தாற்போல. புதிதாக இருக்கையில் அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட். விளக்கை எரிக்க மாட்டாமல் செத்துப்போயின என்று நான் தள்ளி வைத்த அவ்விரண்டையும் மீட்டரில் வைத்தால் 1.3 வோல்ட் காட்டின! நீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்பது நான் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிய எண். பிறகு, ஒரு வடிகாகிதத்தை மஞ்சளும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த நீரில் தோய்த்து, அதை மடித்து, மடிப்பின் நடுவே ஒரு வில்லையை வைத்து மூடி, காப்பி சாப்பிட்டுவிட்டு வந்து பிரித்துப் பார்த்தேன். எதிர்முனை பட்டிருந்த பக்கத்தில், நம் வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து எடுக்கும் ஆரத்தியின் நிறத்தில் ஒரு சிவப்பு வட்டம் பதிந்திருந்தது. நேர்முனைப் பக்கம் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. குழந்தை உள்ள வீட்டார் இந்தப் பரீட்சையை ஒரு தடவை செய்து, அந்தக் காகிதத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டுமென்பது என் அபிப்பிராயம். பத்துப் பிரசங்கங்களைவிட அந்தச் சிவப்பு வட்டத்திற்கு வலிமை அதிகம்.

செல் செத்துப்போயிற்று என்று நாம் சொல்வதெல்லாம், அது நம் காரியத்திற்கு உதவாமல் போயிற்று என்ற அளவில்தான் உண்மை. ஒரு வண்டியை இழுக்கத் திராணியற்ற கிழ மாடு முட்டுவதற்குத் திராணியற்றது என்று அர்த்தமாகுமா? சிறிய வில்லைகளின் கதியே இப்படியென்றால், சிஆர் 2032 என்று பொறித்த லித்தியம் வில்லைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விட்டத்தை மில்லிமீட்டரிலும், கடைசி இரண்டு கனத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கிலும் குறிப்பவை. அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். மின்னழுத்தம் 3 வோல்ட். அது குழந்தையின் மூக்கில் நுழையாது. ஆனால் வாயில் நுழையும், உணவுக் குழாயில் சிக்கும். அங்கே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகச் சுட்டுவிடும். பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாய்வரை புண் துளைத்துப் பிராணாபாயம் நேர்ந்ததும் உண்டு. மூக்கில் போனது அந்த மட்டில் எங்கள் பாக்கியம் என்றுகூடச் சொல்ல வேண்டும்.

இனி, எங்கள் தப்புகளிலிருந்து பிறர் எடுத்துக்கொள்ளக்கூடிய சில விஷயங்கள். குழந்தையின் மூக்கில் செல் இருக்கிறது என்று சந்தேகம் உண்டான க்ஷணம் முதல், மூக்கினுள் எந்தத் திரவத்தையும் விடக்கூடாது: உப்பு நீர் கூடாது, சொட்டு மருந்து கூடாது, தேங்காய் எண்ணெயும் கூடாது. எடுத்த பிறகு வைத்தியர் உப்பு நீரால் கழுவச் சொல்லுவார், எங்களுக்கும் சொன்னார். எடுப்பதற்கு முன்பு அதே நீர் விரோதி. கொண்டை ஊசி, இடுக்கி, காது குடையும் குச்சி முதலியவற்றை அருகிலும் கொண்டுவரலாகாது. வழவழப்பான வில்லை பிடிக்குள் அகப்படாமல் மேலும் உள்ளே போகும். தொண்டைப் பக்கம் விழுந்து மூச்சுக் குழாயிலோ உணவுக் குழாயிலோ சென்றால் கதை வேறாகிவிடும். எங்கள் பாட்டியின் மூக்குப்பொடி வைத்தியத்தையும், மற்ற மூக்கை அடைத்துக்கொண்டு குழந்தையின் வாயில் தாய் ஊதி வெளியேற்றும் உபாயத்தையும் பாசிமணிக்கு வேண்டுமானால் தேர்ந்தவர்கள் கையாளட்டும்; செல் விஷயத்தில் வீட்டில் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் மூக்கினுள் வினை நடக்கும் நிமிஷம். குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். வண்டி இல்லையென்றால் 108க்குச் சொல்லுங்கள். வழியில் பால், பிஸ்கோத்து கொடுத்துச் சமாதானப்படுத்தலாகாது. கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மயக்கம் கொடுப்பவர் கட்டாயம் கேட்பார். அதற்காக, இப்போதுதான் சாப்பிட்டான், கொஞ்ச நேரம் கழித்துப் போகலாம் என்று நீங்களாகத் தள்ளிப்போடவும் வேண்டாம். அதே பொம்மையில் எஞ்சிய செல் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போனால், உள்ளே இருப்பது எந்த வகை என்று அவர்களுக்கு உடனே தெரியும். போன இடத்தில் வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். "மூக்கிலே செல் இருக்கு" என்ற மூன்று சொற்களை உரக்கச் சொல்லுங்கள். சங்கோசப்படுவதற்கு அது சமயமல்ல.

காதில் போனாலும் இதே விதிதான். விழுங்கிவிட்டதாகச் சந்தேகமிருந்தால் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு: ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், தடையில்லாமல் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன், மொத்தம் ஆறு தடவைக்கு மேற்படாமல், கொடுக்கலாம் என்பது இக்காலத்து விஷ முறிவு வைத்தியர்களின் கருத்து. தேன் புண்ணின் உக்கிரத்தைத் தணிக்கிறது; செல்லை வெளியேற்றாது. ஆகையால் தேன் வாங்கக் கடை தேடிக்கொண்டு நிற்கலாகாது. வாந்தி எடுக்கச் செய்யவும் கூடாது. மூக்கிற்கும் தேனுக்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவையும்விடக் கடினமான விஷயம் ஒன்று, குழந்தையின் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பது. திங்கட்கிழமையே நான் அவனை, "மூக்குல என்னடா வச்சே?" என்று ஆசிரியர் குரலில் ஒரு தடவை அதட்டிக் கேட்டேன் என்பது பிற்பாடு ஞாபகம் வந்தது. அவன் இல்லையென்று தலையாட்டினான், நானும் விட்டுவிட்டேன். அதட்டிக் கேட்டால் மூன்று வயதுக் குழந்தை மட்டுமல்ல, முப்பது வயதுப் பிள்ளையும் இல்லையென்றுதான் சொல்வான். ஆஸ்பத்திரியில் அன்றிரவு மயக்கம் முற்றும் தெளிந்து, பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தவன், தானாகவே கையை நீட்டி அவள் மூக்குத்தியைத் தொட்டு, "எனக்கும் பாட்டி மாதிரி" என்றான். அவள் மூக்குத்தி அணிந்திருப்பது வலது மூக்கில். அவன் வைத்துக்கொண்டதும் வலது மூக்கில். பளபளவென்று மின்னும் வில்லையை வேறு எங்கே வைப்பது என்று அவன் யோசித்திருக்கவே தேவையில்லை. குழந்தைகள் விஷமம் செய்கிறார்கள் என்று நாம் சொல்லுகிற காரியங்களில் பாதி, நம்மைப் பார்த்து நம்மைப்போல் செய்ய முயன்ற காரியங்களே.

பல தேசங்களில் இதற்குச் சட்டமே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில், 2020ஆம் ஆண்டில் ரிமோட்டின் செல்லை விழுங்கி இறந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரால் ரீஸ் சட்டம் என்று ஒன்று 2022இல் நிறைவேறியது. கருவி இல்லாமலோ, ஒரே சமயத்தில் இரண்டு தனித்தனி அசைவுகள் செய்யாமலோ திறக்க முடியாதபடி செல் அறை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவிலும் அதே 2022இல் கட்டாய விதிகள் அமலுக்கு வந்தன. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் திருவிழாத் தரையில் கோணிப்பை விரித்து விற்கும் மோதிரத்தில் முத்திரையைத் தேடுகிறவர் யார்? நான் தேடவில்லை. மேலும், தெர்மாமீட்டரும் கடிகாரமும் எடை பார்க்கும் யந்திரமும் பொம்மைகள் அல்ல. ஆயினும் குழந்தையின் கைக்கு எட்டுவன. ஆகவே வாங்கும்போது செல் அறையில் திருகாணி இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதும், நகத்தால் திறக்கக்கூடியதை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவதும் நம் பொறுப்பாகவே இருக்கிறது.

தஞ்சையிலிருந்து வந்த அந்த வாரமே, நானும் மனைவியும் ஒரு மாலை நேரம் முழுவதும் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் இத்தகைய வில்லைகள் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுத்தோம். நான்கோ ஐந்தோ இருக்கும் என்று நினைத்துத் தொடங்கினோம். கைக்கடிகாரம் இரண்டு, தெர்மாமீட்டர், கால்குலேட்டர், மருமகனின் கார் சாவி, எடை யந்திரம், திறந்தால் பாட்டுப் பாடும் ஒரு பழைய பிறந்தநாள் வாழ்த்து அட்டை, பேரன் நடந்தால் மின்னும் செருப்பு, எண்ணெய் ஊற்ற அலுத்துப்போய்க் கார்த்திகைக்கு வாங்கிய மின் அகல் விளக்குகள் ஆறு, என் காது கேட்கும் கருவிக்கென்று அலமாரியில் வைத்திருந்த அட்டை, தைலம், மூக்குக் கண்ணாடி, ஜாதக நோட்டு இவற்றோடு இழுப்பறையில் கிடந்த பெயர் தெரியாத சில. எண்ணி முடித்தபோது 31. இப்போது எங்கள் வீட்டில் ஒரு விதி: செல்லைக் கழற்றுகிறவர் எண்ணிக் கழற்ற வேண்டும், கழற்றிய கையோடு இரு முகமும் மறையும்படி செல்லோடேப்பைச் சுற்றி, மூடி இறுகிய ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, பரண்மேல் வைக்க வேண்டும், எண் குறைந்தால், தொலைபேசி மட்டுமல்ல, வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும், அது அகப்படும்வரை எழுந்திருக்கலாகாது. புட்டி நிறைந்தால் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுகிறோம். குப்பைக் கூடையில் போடுவதில்லை, ஏனெனில் குப்பைக் கூடையும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

பேரனுக்குச் சதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு வாரம் மூக்கினுள் மெல்லிய சிலிகான் தகடு வைத்திருந்தார்கள். செல்லை எடுத்த பிறகும் பல நாள் வரை புண் ஆழமாகிக்கொண்டே போகும் என்று வைத்தியர் முன்னதாகவே சொல்லியிருந்தார், அவ்வாறே ஆயிற்று. மூன்று மாதம் தஞ்சைக்குப் போய்வந்தோம். வெளியே பார்த்தால் மூக்கில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே நடுச்சுவரில் 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துவாரம் நின்றுவிட்டது. மூக்கு முழுமையாக வளர்ந்த பிறகே அதை அடைப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறார் வைத்தியர்; அவனுக்கு இப்போது நான்கு வயது. இரவில் வீடு அடங்கிய பின் அவன் உறங்கும்போது, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலி வருகிறது. காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் எனக்கு அது கேட்காது. நான் கழற்றுவதில்லை.